கர்நாடகத் தாளங்களும் ஸ்டாஃப் நொட்டேஷனும்

கர்நாடக இசையை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதும் முயற்சி நூறாண்டுகளுக்கும் மேல் பழமையானது. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் சென்னையில் வெளியிட்ட, கீழைநாட்டு இசையை ஐரோப்பியக் குறியீட்டில் தரும் நூல் இதில் முன்னோடி. சுரத்தின் கால அளவை இம்முறை துல்லியமாகக் காட்டும். தாளத்தின் உட்பிரிவைக் காட்டுவதில்தான் சிக்கல் எழுகிறது.

தாளக்குறி

மிச்ர சாப்பு 7 எண்ணிக்கை கொண்டது. 3+4 என்று பிரியும். சியாமா சாஸ்திரி கையாண்ட விலோம சாப்பும் 7 தான்; ஆனால் 4+3. தொடக்கத்தில் 7/8 என்று மட்டும் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் பல்கேரியத் தாள நடனங்களுக்கு 4+2+3 எனக் கூட்டலாகவே தாளக்குறி எழுதினார். சாப்புத் தாளங்களுக்கும் இவ்வழியே பொருந்தும்.

நடை

ஆதி தாளத்தின் 8 அடிகள் சதுஸ்ர நடையில் 32 மாத்திரை, கண்ட நடையில் 40. ஓர் அடியில் 5 சுரம் வந்தால் மேற்கத்திய முறை அதை விலக்காகக் கருதி, மேலே 5 என்று எழுதி அடைப்பிடும். இதுவே ட்யூப்லெட். கண்ட நடைப் பாடல் முழுவதையும் இப்படி எழுதினால் இயல்பான நடையே விலக்காகத் தோன்றும். ஒவ்வோர் அடியையும் தனித்தனி 5/8 கட்டமாக்கினால் அடைப்பு நீங்கும். ஆனால் ஆவர்த்தனம் எட்டுத் துண்டாகிவிடும். சதுஸ்ரத்தின் நடுவே திஸ்ரம் சிறிது வந்து போகும் இடத்தில் மட்டும் ட்யூப்லெட் மிகத் தெளிவானது.

காலப்பிரமாணம்

தனி ஆவர்த்தனத்தில் சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு மாறும்போது, நிமிடத்துக்கு 60 அடி என்றால் 240 மாத்திரை 180 ஆகும். தாளம் போடும் கை மாறுவதில்லை. இதை டெம்போ குறைந்ததாக எழுதுவது பிழை. பழைய அடியும் புதிய அடியும் சமம் என்று குறிப்பதே சரி.

மதிப்பீடு

தமிழ்ச் சுரதாளக் குறிப்பு நடையைத் தலைப்பில் சொல்லி, தாள அங்கங்களைக் கோடுகளால் பிரிக்கிறது. ஆவர்த்தனம் கண்முன் நிற்கிறது. ஆனால் வேகத்தை அது எண்ணால் சொல்வதில்லை. அதைக் குருவிடம் கேட்டே அறிய வேண்டும். ஸ்டாஃப் நொட்டேஷன் அக்குறையைத் தீர்க்கும். எனினும் நடையின் பெயரும் அங்கப் பிரிவும் உடன் எழுதப்படாவிட்டால், வாசிப்பவர் எண்ணிக்கையைச் சரியாகப் பிடித்தும் தாளத்தைத் தவறவிடுவார்.