கதவைச் சாத்திக்கொண்டு தின்ற கீரை

சிறுபாணாற்றுப்படை நடத்துகிற எந்தத் தமிழ் வாத்தியாரும் ஒரு காட்சியில் கொஞ்சம் நிற்பார். நத்தத்தனார் காட்டும் வறுமை அது. கறையான் அரித்த பழஞ்சுவர், அந்தப் புழுதியில் பூத்த காளான், அடுப்படியில் குட்டி போட்ட நாய். பசியில் இடுப்பு ஒடுங்கிப்போன கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். 'என்ன உருக்கம்' என்பார் வாத்தியார். அப்புறம் நல்லியக்கோடன் கொடுத்த யானைக்கும் தேருக்கும் போய்விடுவார். அவள் பசி வள்ளல் பெருமைக்கு முன்னுரை, அவ்வளவுதான்.

கிணை பறையில் ஒரு வகை. அது நம் வீடு. ஆகவே கதவுக்கு உள்ளே இருந்துதான் நாம் இந்தப் பாட்டை வாசிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே இருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குப்பையில் எத்தனையோ செடி முளைக்கும். கறிக்கு ஆவது எது, எது தளிர், எது முற்றல் என்று அவள் நகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உலையில் இல்லாமல் போனது உப்பு. கீரையை மண் கொடுத்தது; உப்புக்குக் காசு வேணும், கூலி வேணும். வறுமை இருப்பது அந்த உப்பில். வகுப்பறையோ அதைக் கீரையின் தலையில் ஏற்றிவிட்டது.

எங்க தென்காசிப் பக்கத்துக்கு வாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மழை இறங்கி இடி இடித்தால் புத்துக்காளான் வரும். கறையான் தன் புற்றுக்குள் பூசணத்தை வளர்த்துத் தின்கிறது. ஈரம் உள்ளே போனதும் அதுவே குடையாக வெளியே வருகிறது. சிப்பிக்காளான் மாதிரி இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடிவதில்லை. கறையான் அரித்த இடத்தில் காளானை வைத்த நத்தத்தனாரின் கண் பொய்யில்லை. ஆனால் அவருக்கு அது பாழின் அடையாளம். எங்க பாட்டிக்கு அது கறி. எந்தப் புத்து எப்போ வெடிக்கும் என்பது அவள் கணக்கு. "கருக்கல்லயே போகணும் ஏளா, வெயில் ஏறுனா புழு வச்சிரும்" என்பாள்.

நட்ட வயலில் ஆரைக்கீரை, மழைக்குப் பின் புஞ்சையில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை. களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிவந்தவை இவை. நிலக்காரருக்குக் களை, நமக்குக் கறி. சித்திரையில் எல்லாம் காய்ந்துபோகும். புளியங்கொழுந்தும் முருங்கையும் மிஞ்சினால் உண்டு. இலக்கியத்துக்கு அது இளவேனில். நமக்குச் சட்டி காய்கிற காலம்.

எங்க ஊர் இலக்கியமான குற்றாலக் குறவஞ்சியின் தலைவி பெயரே வசந்தவல்லி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. அதில் சிங்கி தன் மலையைப் பாடுகிறாள்: கிழங்கு தோண்டுகிறார்கள், தேறல் குடிக்கிறார்கள், தழை உடுத்துகிறார்கள். வருஷம் முழுக்கச் செழிப்பு. மழை பொய்த்த மாசம் என்ன தின்றார்கள் என்று அந்த மலைவளம் சொல்லவில்லை. ஒரு பாட்டில் பசி மட்டும், இன்னொன்றில் விருந்து மட்டும். இரண்டிலும் அவளுடைய அறிவு விடுபட்டுவிட்டது. பாடினவருக்குக் குறவஞ்சிமேடு மானியமாகக் கிடைத்தது. தோண்டினவளுக்கு?

அவளுக்குச் சட்டம் கிடைத்தது. 1882ஆம் வருஷத்து சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக்கியது; பொறுக்கப் போனவள் குற்றவாளி ஆனாள். 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் என்று தேனையும் கிழங்கையும் மூலிகையையும் பெயர் சொல்லி வைக்கிறது. காளானுக்குப் பெயர் இல்லை. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் இருந்து அதைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அடிவாரத்துச் சேரிப் பெண்ணிடம் எந்தக் காகிதம் இருக்கும்? கீழே வயலிலோ பூட்டாகுளோர் மாதிரிக் களைக்கொல்லி. களையெடுத்த கூலியும் போச்சு, மடியில் கட்டின கீரையும் போச்சு.

இப்போது அதே கீரை 'பாரம்பரிய உணவு' என்று நகரத்து மேசைக்கு வருகிறது. கிள்ளினவள் அங்கேயும் இல்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, தோழர்களே. நாமும் நம் தன்வரலாறுகளில் கீரையை இழிவுக்குச் சாட்சியாக மட்டுமே நிறுத்துகிறோம். பட்டினியைப் பண்பாடு என்று கொண்டாடச் சொல்லவில்லை. பசி உண்மை, உப்பில்லாதது உண்மை. ஆனால் மாசத்துக்கு மாசம் மண்ணை வாசித்த அறிவும் உண்மை. அதை எழுதாமல் விட்டால் வகுப்பறை செய்ததையே நாமும் செய்கிறோம்.

ஒன்று கவனியுங்கள். கிணைமகள் யார் பார்ப்பதற்கு நாணிக் கதவடைத்தாள்? அறிவில்லாதவர் பார்ப்பதற்கு என்றுதான் நத்தத்தனார் சொல்கிறார். வெட்கப்பட வேண்டியவர் வெளியே நிற்கிறவர் என்பது பாட்டிலேயே இருக்கிறது. வாத்தியார்கள்தான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

உங்க ஊர்க் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். எந்த மாசம், எந்தப் புத்து, எந்தக் கீரை என்று கேட்டு எழுதுங்கள். கதவை நாமே திறப்போம்.