டங்கன் கொலைக்குப் பின்: மாக்பெத் விமர்சனம் நடந்த வழி

ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில் டங்கன் மன்னன் கொல்லப்படுவதை நாம் பார்ப்பதில்லை. இரண்டாம் அங்கத்தில், மேடைக்கு வெளியே அது நடந்து முடிகிறது. மீதமுள்ள மூன்று அங்கங்களும் அக்கொலையின் விளைவுகளே. ஆனாலும் விமர்சகர்கள் நெடுங்காலம் கொலையாளியின் மனத்தையே துருவிக்கொண்டிருந்தார்கள். அவனைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி பிந்தித்தான் எழுந்தது.

மூலக்கதையிலேயே அக்கேள்விக்கு இடம் உண்டு. வரலாற்று டங்கன் 1040இல் மாக்பெத்தோடு நடந்த போரில் மடிந்தவன். படுக்கையில் கொல்லப்பட்டவன் அல்லன். ஷேக்ஸ்பியர் கையாண்ட ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில், மனைவியின் தூண்டுதலால் உறங்கும் அரசனைத் தீர்த்துக்கட்டுவது டான்வால்ட் என்பவன்; மடிபவன் டஃப் மன்னன். அந்தக் கதையை டங்கன் கதையோடு நாடகம் பிணைத்தது. அந்நூலில் மாக்பெத்தின் சக தளபதி பாங்கோ, டங்கனுக்கு எதிரான சதிக்கு உடந்தை. நாடகம் எழுதப்பட்டபோதோ, அவனைத் தம் முன்னோனாகக் கருதிய முதலாம் ஜேம்ஸ் அரியணையில் இருந்தார். நாடகத்தின் பாங்கோ சதியிலிருந்து விடுவிக்கப்பட்டான். ஆனால் சந்தேகம் இருந்தும் வாய் திறக்காதவனாக ஆனான்.

விமர்சனத்தின் திசையைத் தீர்மானித்தது டி குவின்சி 1823இல் எழுதிய சிறு கட்டுரை. கொலை முடிந்ததும் கேட்கும் கதவு தட்டும் ஓசையை அவர் ஆராய்ந்தார். கொலையாளிகள் மனித உலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தார்கள். அவ்வோசையோடு இயல்பு வாழ்க்கை மீண்டும் நுழைகிறது என்றார். கொல்லப்பட்டவன்மீது அல்ல, கொன்றவன்மீதே கவிஞன் நம் கவனத்தை நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். 1904இல் வெளிவந்த பிராட்லியின் விரிவுரைகள் இவ்வழியின் உச்சம். 1916இல் ஃபிராய்ட், வெற்றி கைகூடிய பின் உடைந்துபோகிறவர்களுக்கு மாக்பெத் சீமாட்டியை எடுத்துக்காட்டினார்.

இதற்கு எதிர்வினை 1933இல் வந்தது. பாத்திரங்களை நிஜ மனிதர்களாகப் பாவித்து வாழ்க்கைக் குறிப்பு தேடுவதை எல்.சி. நைட்ஸ் கேலி செய்தார். நாடகத்தைக் கவிதையாக வாசிக்கச் சொன்னார். கரோலின் ஸ்பர்ஜன், கிளீன்த் புரூக்ஸ் ஆகியோர் ஆடை, குழந்தை முதலிய படிமங்களைத் தொடர்ந்து சென்றனர். வாசிப்பு நுட்பமானது, ஆனால் ஸ்காட்லாந்து என்ற நாடு கண்ணிலிருந்து நழுவியது.

அதை மீட்டவர்கள் பிற்காலத்தவர்கள். டங்கனின் ஆட்சியே கொலைக்கு முன்பே நோயுற்றிருந்தது என ஹாரி பெர்கர் 1980இல் வாதிட்டார். கிளர்ச்சியை அடக்க வீரனின் வாளை நம்பியிருக்கும் அரசு, அந்த வாளுக்கு அஞ்சவும் வேண்டியிருக்கிறது. ஆலன் சின்ஃபீல்ட் 1986இல் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: அரசுக்காகச் செய்யும் வன்முறை வீரம், அரசனுக்கு எதிரானது பாவம் என்ற பிரிவை நாம் ஏன் ஏற்கிறோம்? போலன்ஸ்கியின் 1971 திரைப்படம் இந்த ஐயத்தை முன்பே காட்சியாக்கியது. அதன் முடிவில் டங்கனின் இளைய மகன் டொனால்பெய்ன், மாக்பெத்துக்கு ஆருடம் சொன்ன சூனியக்காரிகளின் இருப்பிடத்தைத் தேடிப் போகிறான்.

அரசியல் வாசிப்புக்கும் ஒரு குறை உண்டு. மாக்பெத்தின் உறக்கமின்மையை அரச அமைப்பைக் கொண்டு விளக்கிவிட முடியாது. ஆனால் இரு வழிகளும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டுக்காட்டியவரும் பிராட்லியே. பாங்கோவின் மௌனத்தை அவர் தீமைக்கு இணங்கியதாகவே கண்டார். அந்தக் கணிப்பை அரசவை முழுவதற்கும் விரித்துப் பார்க்கலாம். டங்கனின் காவலர்களை ஏன் கொன்றாய் என மாக்பெத்திடம் மாக்டஃப் என்ற பிரபு கேட்கிறான். பதிலை யாரும் சோதிப்பதில்லை. மாக்பெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் போகாமல் மாக்டஃப் தன் ஊரான ஃபைஃபுக்குத் திரும்புகிறான். இன்னொரு பிரபுவான ராஸ், விழா நடக்கும் ஸ்கோனுக்குப் போகிறான். பிரபு லெனாக்ஸ் குத்தலாகப் பேசுகிறானே தவிர, குற்றம் சாட்டுவதில்லை.

ஆகவே கொடுங்கோலாட்சியை நிறுவுவது ஓர் இரவின் கத்தி மட்டுமல்ல. மறுநாள் காலை நடக்காமல் போன விசாரணையும்தான். இறுதியில் அரசனாகும் டங்கனின் மூத்த மகன் மால்கம் தன் பிரபுக்களுக்குப் புதிய பட்டம் வழங்குகிறான்; ராஸும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறான். முந்தைய விழாவுக்கு ஏன் போனாய் என்று அவனை எவரும் கேட்கவில்லை. அடுத்த தலைமுறை ஆய்வு தொடங்க வேண்டிய கேள்வி அது.