தண்டனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் அவற்றின் துருக்கிய இணைகளும்: ஒரு திறனாய்வு

அறிமுகம்

ஆங்கிலம் வழியாகத் துருக்கிய மொழியைக் கற்பவர்களுக்குப் பொருள்வாரிச் சொற்பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உணவு, உடை, பயணம் என்ற வரிசையில் குற்றமும் தண்டனையும் ஒரு தலைப்பாக இடம்பெறும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் துருக்கியச் சொல் என்பதே இவற்றின் அமைப்பு. உணவுப் பெயர்களுக்கு இந்த அமைப்பு பெரும்பாலும் போதும். தண்டனைக்கு அது போதாது. தண்டனை என்பது ஒரு பொருளன்று. ஒருவர் விதிக்க மற்றொருவர் அனுபவிக்கும் செயல் அது. ஆங்கிலம் தண்டனை வகைகளைத் தனித்தனிப் பெயர்ச்சொற்களால் பிரிக்கிறது. துருக்கியம் ஒரே பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு அடைமொழியாலும் வினைச்சொல்லாலும் பிரிக்கிறது. பெயருக்குப் பெயர் இணை தேடும் பட்டியல் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. துருக்கியச் சொற்கள் இங்கே ஒலிப்பை ஒட்டித் தமிழில் எழுதப்பட்டுள்ளன.

ஆங்கிலச் சொற்களின் பின்னணி

ஆங்கிலத்தில் தண்டனையைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை இலத்தீனிலிருந்து வந்தவை. பனிஷ்மென்ட், பெனால்டி, பெயின் ஆகிய மூன்றும் 'போயினா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. அச்சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் கொலைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட இரத்தப் பணத்தைக் குறித்தது. அபராதத்தைக் குறிக்கும் ஃபைன் என்ற சொல் 'முடிவு' எனப் பொருள்படும் 'ஃபீனிஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வழக்கை முடித்துக்கொள்ளச் செலுத்தப்பட்ட தொகையே முதலில் ஃபைன் எனப்பட்டது. கடிந்து தண்டித்தலைக் குறிக்கும் காஸ்டிகேட் என்ற சொல்லில் 'தூய' என்ற பொருளுடைய வேர் உள்ளது. டிசிப்ளின் மாணவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இவ்வாறு ஈடு கட்டுதல், வழக்கை முடித்தல், தூய்மைப்படுத்தல், பயிற்றுவித்தல் எனத் தண்டனையின் வெவ்வேறு நோக்கங்கள் வெவ்வேறு சொற்களில் தங்கியுள்ளன. இன்று பேசுபவர்கள் இந்த வேர்களை நினைப்பதில்லை. ஆனாலும் சொற்களின் பயன்பாட்டு எல்லைகள் தெளிவாகவே உள்ளன. தாய் குழந்தைக்குக் கொடுப்பதை யாரும் பெனால்டி என்பதில்லை. போக்குவரத்துக் காவலர் வாங்குவதைச் சென்டன்ஸ் என்பதில்லை.

ஜெஸா என்னும் ஒரு சொல்

துருக்கியத்தில் இவற்றுள் பலவற்றுக்கும் ஒரே விடை 'ஜெஸா'. பனிஷ்மென்ட் என்றாலும் ஜெஸா, பெனால்டி என்றாலும் ஜெஸா. அபராதம் 'பாரா ஜெஸாஸி', அதாவது பணத் தண்டனை. சிறைத் தண்டனை 'ஹாபிஸ் ஜெஸாஸி'. சிறைச்சாலை 'ஜெஸாயெவி'. இதில் 'எவ்' என்பது வீடு. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் துருக்கியத்தில் 'சுச் வெ ஜெஸா' என்றே வழங்குகிறது. கால்பந்தில் மட்டும் ஒரு வேடிக்கை. பெனால்டி உதைக்குத் துருக்கியர் 'பெனால்தி' என்ற கடன்சொல்லையே பயன்படுத்துகின்றனர். ஆனால் அந்த உதை நடக்கும் பகுதி 'ஜெஸா சாஹாஸி', அதாவது தண்டனைக் களம். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு ஒரே ஆட்டத்தில் இரண்டு சொற்கள் வந்துவிடுகின்றன.

ஜெஸா அரபு மொழியிலிருந்து வந்த சொல். அரபில் அதன் பொருள் 'செய்ததற்குரிய பலன்' என்பதாகும். அப்பலன் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தமிழ் முஸ்லிம்கள் நன்றி கூறும்போது சொல்லும் 'ஜஸாகல்லாஹ் ஹைரன்' என்ற தொடரில் இருப்பது இதே சொல்வேர்தான். 'இறைவன் உமக்கு நற்பலன் தரட்டும்' என்பது அதன் பொருள். துருக்கியத்தில் நற்பலன் என்ற பாதி உதிர்ந்து, தண்டனை என்ற பாதி மட்டும் நிலைத்தது. நற்பலனுக்கு 'மூக்யாஃபாத்' என்ற வேறொரு அரபுச் சொல் வந்து சேர்ந்தது.

தமிழிலும் இத்தகைய பொருள் மாற்றம் நிகழ்ந்துள்ளது. வடமொழியில் குற்றத்தைக் குறிக்கும் 'அபராதம்' தமிழில் குற்றத்திற்குக் கட்டும் பணமாயிற்று. கோலைக் குறிக்கும் 'தண்டம்' தண்டனைக்கும் அபராதத்திற்கும் பெயராயிற்று. எனவே ஒரு மொழியில் தண்டனைக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்பதை வைத்து அம்மொழியின் வளத்தை அளக்க முடியாது. ஒவ்வொரு பெயரும் எவ்வளவு பொருளைச் சுமக்கிறது என்பதே கேள்வி.

வினைச்சொல்லில் அமையும் வேறுபாடு

ஜெஸா என்ற ஒரே சொல்லைக் கொண்டு துருக்கியர் எப்படிச் சமாளிக்கின்றனர் என்பதற்கு விடை அதனுடன் சேரும் வினைகளில் உள்ளது.

• ஜெஸா வெர்மெக்: தண்டனை 'கொடுத்தல்'. ஆசிரியர், பெற்றோர், நீதிமன்றம் என எவருக்கும் பொருந்தும்.
• ஜெஸா கெஸ்மெக்: தண்டனை 'வெட்டுதல்'. அதிகாரி அபராதம் விதிப்பது. விலைப்பட்டியல் எழுதிக் கொடுப்பதற்கும் இதே வினை வழங்குகிறது.
• ஜெஸா யெமெக்: தண்டனை 'தின்னுதல்'. அபராதத்துக்கோ தண்டனைக்கோ ஆளாவது. பேச்சுவழக்கு.
• ஜெஸா செக்மெக்: தண்டனை 'இழுத்தல்'. விதிக்கப்பட்டதை அனுபவித்துக் கழிப்பது.
• ஜெஸாஸினி புல்மாக்: தன் தண்டனையைக் 'கண்டடைதல்'. செய்த வினைக்கு உரிய பலன் வந்து சேர்வது.
• ஹுக்கும் கிய்மெக்: தீர்ப்பை 'அணிதல்'. நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்க்கப்படுவது.

இவற்றைத் தமிழர் எளிதில் உணர முடியும். 'அடி தின்றான்', 'தண்டனை அனுபவித்தான்', 'செய்த வினைக்குப் பலன் கண்டான்' என்று நாமும் வினையைக் கொண்டே வேறுபடுத்துகிறோம். மேற்கண்ட ஐந்தாவது தொடரில் நீதிபதியோ காவலரோ தேவையில்லை. அரபு மூலத்தில் இருந்த 'செய்ததற்குரிய பலன்' என்ற பழம்பொருளின் சாயலை அத்தொடரில் காணலாம்.

சொற்பட்டியல்கள் பெரும்பாலும் தருவது 'ஜெஸாலாந்திர்மாக்', அதாவது தண்டித்தல், என்ற ஒற்றை வினையை மட்டுமே. அதை மனப்பாடம் செய்த மாணவர் 'எனக்குப் போக்குவரத்து அபராதம் விழுந்தது' என்று சொல்ல விரும்பி, 'நான் தண்டிக்கப்பட்டேன்' என்று சொல்லிவிடுவார். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் துருக்கியர் எவரும் அப்படிப் பேசுவதில்லை.

செய்விப்பதும் தடுப்பதும்

சாங்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏறக்குறைய எதிரெதிரான இரு பொருள்கள் உண்டு. ஒன்று ஒப்புதல். மற்றொன்று மீறியவர்மீது எடுக்கும் தண்டனை நடவடிக்கை. துருக்கியத்தில் முதலாவதற்கு 'ஓனாய்' என்ற வேறு சொல் உள்ளது. இரண்டாவதற்கு முன்பு 'மூயெய்யிதெ' என்ற அரபுச் சொல்லே வழங்கியது. 1932இல் துருக்கிய மொழிக் கழகம் நிறுவப்பட்டபின் வேகம் பெற்ற மொழிச் சீர்திருத்தம் அரபு, பாரசீகச் சொற்களுக்கு மாற்றாகத் துருக்கிய வேர்களிலிருந்து புதுச்சொற்களைப் பரப்பியது. அவ்வகைச் சொல்லே 'யாப்திரிம்'. 'யாப்' என்றால் செய். 'திர்' பிறவினை விகுதி. 'இம்' தொழிற்பெயர் விகுதி. தமிழில் அப்படியே 'செய்விப்பு' எனலாம்.

ஒரு நாட்டின்மீது விதிக்கப்படும் சாங்ஷனைத் தமிழ் ஊடகங்கள் 'பொருளாதாரத் தடை' என்கின்றன. தமிழ்ச் சொல் எதையோ நிறுத்துவதைச் சொல்கிறது. துருக்கியச் சொல் எதையோ செய்ய வைப்பதைச் சொல்கிறது. நடவடிக்கை ஒன்றே, தமிழ் அதன் வழியையும் துருக்கியம் அதன் நோக்கத்தையும் காட்டுகின்றன. பட்டியலில் ஒரு கோடு போட்டு இணைக்கும்போது கற்பவர் இழப்பது இதைத்தான்.

பட்டியல் தவறாக வழிநடத்தும் இடங்கள்

முதலாவது, 'இன்ஃபாஸ்'. பட்டியல்கள் இதை எக்ஸிகியூஷன் என்ற சொல்லுக்கு நேராக வைக்கின்றன. ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் மரண தண்டனையே நினைவுக்கு வரும். ஆனால் துருக்கியச் சட்டத்தில் இன்ஃபாஸ் என்பது எந்தத் தண்டனையையும் நிறைவேற்றுவதைக் குறிக்கும். 'இன்ஃபாஸ் நீதிபதி' என்பவர் கைதிகளின் முறையீடுகளையும் தண்டனை நிறைவேற்றம் பற்றிய கேள்விகளையும் கவனிப்பவர். தூக்கு மேடைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. மரண தண்டனைக்குரிய சொல் 'இதாம்'. இல்லாமற் செய்தல் என்பது அதன் மூலப்பொருள். அதே வேளையில், நீதிமன்றத்திற்கு வெளியே நடக்கும் கொலையை 'யார்கிஸிஸ் இன்ஃபாஸ்', அதாவது விசாரணையற்ற இன்ஃபாஸ், என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அங்கே அது கொலையேதான். சூழல் தெரியாமல் இச்சொல்லைப் பெயர்க்க முடியாது.

இரண்டாவது, கைது பற்றிய சொற்கள். துருக்கியக் குற்றவியல் நடைமுறையில் ஒருவரைப் பிடிப்பது 'யாகாலாமா'. பிடித்தவரைக் காவல்துறையின் பொறுப்பில் வைப்பது 'கொஸால்தி'. கண்ணின் கீழ் என்பது இதன் நேர்ப்பொருள். விசாரணை முடியும்வரை சிறையில் வைக்க நீதிபதி உத்தரவிடுவது 'துத்துக்லாமா'. தீர்ப்புக்குப் பின்னரே ஒருவர் 'ஹுக்கும்லு', அதாவது தண்டனைக் கைதி, ஆகிறார். பல பட்டியல்களில் அரெஸ்ட் என்ற ஒரே சொல் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நேராக நிற்கிறது. ஆங்கிலச் செய்திகள் ஜெயில்டு என்று எழுதும்போது அவர் தீர்ப்புப் பெற்றவரா, விசாரணைக் கைதியா என்பது தெரிவதில்லை. துருக்கியில் பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் சிறையில் வைக்கப்படும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. குற்றம் நிறுவப்படாத ஒருவர் மொழிபெயர்ப்பில் தண்டனை பெற்றவராகி விடுகிறார். ஆங்கிலம் வழியே தமிழுக்கு வரும்போது 'சிறையில் அடைப்பு' என்ற தலைப்பில் அதே குழப்பம் தொடர்கிறது. நம்மிடம் 'போலீஸ் காவல்', 'நீதிமன்றக் காவல்' என்ற தெளிவான இணைகள் இருந்தும் அவை பயன்படாமல் போகின்றன.

மூன்றாவது, 'இந்திரிம்'. இது கடையில் கிடைக்கும் தள்ளுபடியையும் குறிக்கும், தண்டனைக் குறைப்பையும் குறிக்கும். துருக்கியக் குற்றவியல் சட்டத்தின் 62ஆவது பிரிவு, குற்றவாளியின் பின்னணி, நன்னடத்தை போன்றவற்றைக் கருதித் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடமளிக்கிறது. மனைவியைக் கொன்றவர் கோட்டும் டையும் அணிந்து பணிவாக நின்று குறைப்புப் பெறுவதைக் கண்டித்த பெண்கள் அமைப்புகள் அதை 'டை தள்ளுபடி' என்று அழைத்தன. சொல்லின் இரட்டைப் பொருளே அக்கண்டனத்தின் கூர்மை. ஆங்கிலத்தில் மிட்டிகேஷன் என்று பெயர்த்தால் அந்தக் கூர்மை காணாமற்போகும். 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், நீதிமன்றத்தைக் கவரும் நோக்கில் காட்டப்படும் வெளித்தோற்ற நடத்தையைக் குறைப்புக்குக் காரணமாகக் கொள்ளக்கூடாது என்று கூறியது.

காலாவதியான இணைகள்

சொற்பட்டியல்கள் சட்ட வரலாற்றையும் கவனிப்பதில்லை. உதுமானியப் பேரரசின் 1858ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவியது. அக்காலத்தில் 'கூரெக்', அதாவது துடுப்பு, என்ற சொல் கடின உழைப்புத் தண்டனையைக் குறித்தது. கப்பல்களில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்ட கைதிகளின் நினைவு அச்சொல்லில் உள்ளது. குடியரசின் 1926ஆம் ஆண்டுச் சட்டம் 1889ஆம் ஆண்டு இத்தாலியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அதில் சிறைத் தண்டனை கடுமையானது, இயல்பானது, இலேசானது எனப் பிரிக்கப்பட்டிருந்தது. 2005 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டத்தில் இப்பிரிவுகள் இல்லை. சிறை, நீதிமன்ற அபராதம் என இரண்டே தண்டனைகள் உள்ளன. 'ஆஇர் ஹாபிஸ்' என்ற கடுஞ்சிறையை இன்றும் நடப்புச் சொல்லாகக் காட்டும் பட்டியல் பழைய சட்டத்தையே கற்பிக்கிறது.

துருக்கியில் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 1984இல். 2002இல் அமைதிக்காலக் குற்றங்களுக்கும் 2004இல் முழுமையாகவும் அது நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த மிகக் கடுமையான ஆயுள் தண்டனை, ஆங்கிலத்தில் அக்ரவேட்டட் லைஃப் எனப்படுகிறது. ஆங்கில வாசகர் இதைக் குற்றத்தின் கொடுமையைச் சுட்டும் அடைமொழி என்று கொள்ளக்கூடும். துருக்கியச் சொல்லான 'ஆஇர்லாஷ்திரில்மிஷ்' என்பதைப் பிரித்தால் 'கனமாக்கப்பட்ட' என்று வருகிறது. தமிழிலும் விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வரிசையில் அமைவதைக் காணலாம். கனமாக்கப்படுவது தண்டனையே. ஒருவருக்கான அறை, நாளுக்கு ஒரு மணி நேரத் திறந்தவெளி என்பதே இத்தண்டனையின் அடிப்படை விதி.

மதிப்பீடு

இருநிரைப் பட்டியல்கள் முற்றிலும் பயனற்றவை அல்ல. சித்திரவதைக்கு 'இஷ்கென்ஜெ', நாடுகடத்தலுக்கு 'சுர்கூன்' போன்றவற்றைத் தொடக்க நிலை மாணவர் அவற்றிலிருந்து நம்பிக்கையுடன் கற்கலாம். குறை பட்டியலின் நீளத்தில் இல்லை, அதன் அலகில் உள்ளது. தனிச்சொல்லுக்குப் பதிலாகச் சொல்லும் வினையும் சேர்ந்த தொடரை அலகாகக் கொண்டு, யார் யாருக்கு விதிக்கிறார், வழக்கின் எந்தக் கட்டத்தில், எந்தச் சட்டத்தின்படி என்ற குறிப்புகளையும் சேர்த்தால் அது உண்மையான வழிகாட்டியாகும்.

தமிழ் வழியாகத் துருக்கியம் கற்பவருக்கு ஒரு வசதி உண்டு. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள். தண்டனை விலக்கு நிலையைக் குறிக்கும் இம்ப்யூனிட்டி என்ற ஆங்கிலச் சொல்லைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். துருக்கியரோ ஜெஸாவுடன் இரு விகுதிகளைச் சேர்த்து 'ஜெஸாஸிஸ்லிக்' என்கின்றனர். தமிழில் அது 'தண்டனையின்மை'. ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் இரு மொழிகளையும் நேராக ஒப்பிட்டால், கற்பதும் எளிதாகும். காவலில் இருப்பவரைத் தண்டனை பெற்றவர் என்று எழுதும் பிழையும் குறையும்.