மூன்று பந்திகள்

புரட்டாசியில் மரக்கறி உண்பது பெரிய சாதனை அல்ல. எங்கள் குன்னத்தூர்ப் பக்கத்தில் சனிக்கிழமை விரதம் பிடிக்கும் வீடுகளில் அந்த மாதம் முழுவதும் கறிச்சட்டி பரணில் ஏறிவிடும். ஊரோடு சேர்ந்து விரதம் இருப்பதில் என்ன சிரமம்? சோதனை ஐப்பசியில்தான் வருகிறது. பனியன் கம்பெனிகளில் போனஸ் பட்டுவாடா ஆகி, திருப்பூர் பஸ்கள் ஜவுளிப் பைகளால் பிதுங்கி, தீபாவளியன்று விடியுமுன்பே கறிக்கடை வாசலில் தூக்குப்போசிகளோடு ஜனங்கள் நிற்கிறார்களே, அந்தக் காலைப்பொழுதில்தான் வருகிறது.

சென்ற தீபாவளிக்கு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் புலால் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்காளுக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும் இலையில் சந்தகையை வைத்துவிட்டு, "கறி போடலே கண்ணு, கொளம்பு மட்டும் ஊத்தறேன். நோம்பியன்னிக்கு வெறும் எலையிலே எந்திரிக்கக் கூடாது சாமி" என்றாள். நான் கையை நீட்டி இலையை மறைத்தேன். மச்சான் சிரித்தார். அக்காள் ஒரு கணம் கரண்டியோடு நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

வருஷத்துக்கு மூன்று நான்கு நோம்பிக்குத்தான் எங்கள் வீட்டில் கறி எடுப்பார்கள் என்றிருந்த காலத்தில், தன் பங்கை என் வட்டிலில் தள்ளிவிட்டவள் அவள். நான் கையால் மறைத்தது குழம்பை மட்டுந்தானா?

அந்த ஒரு கணத்தைக் கதையாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. நான் உள்பட நம்மில் பலரும் மரக்கறிக்காரனுக்கு இரண்டே வேஷங்கள்தாம் தைத்து வைத்திருக்கிறோம். ஒன்று மகான் வேஷம், மற்றது கோமாளி வேஷம். பந்தியில் உட்கார்ந்து சங்கடப்படுகிற சாதாரண மனிதனுக்கு நம்மிடம் சட்டை இல்லை. ஆகவே மற்றவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

முதலில் வள்ளுவரிடம் போனேன். அவர் 'புலால் மறுத்த'லை 26ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்திருக்கிறார். 'விருந்தோம்பல்' 9ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. துறவிக்கு அக்காள் வீட்டுத் தீபாவளி கிடையாது. இல்லறத்தானுக்கோ இரண்டு அதிகாரங்களும் ஒரே இலையில் வந்து விழுகின்றன. உண்பவனின் அருள், கொலை, வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் உள்ள கணக்கு ஆகிய எதையும் அந்தப் பத்துக் குறள்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் பரிமாறுகிறவள் அவற்றில் இல்லை. இதைக் குறை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் நான் தேடிப்போனது அவளைத்தான்.

அடுத்தது காந்தியின் சத்திய சோதனை. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' பத்திரிகையில் தொடராக வந்த நூல். 1888இல் லண்டனுக்குப் புறப்படுமுன் மாமிசம் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்த இளைஞரை, நண்பர் ஒருவர் நாடகம் பார்க்க அழைக்கிறார். அதற்கு முன் ஹோபர்ன் ரெஸ்டாரண்டில் விருந்து. அவ்வளவு பெரிய இடத்தில் பையன் கூச்சப்பட்டு வாயைத் திறக்கமாட்டான் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வருகிறது. பையன் பரிசாரகனைக் கூப்பிட்டு, இதில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்கப் பார்க்கிறான். நண்பருக்குக் கோபம் வந்து வெளியே போகச் சொல்லிவிடுகிறார். பக்கத்திலிருந்த மரக்கறி விடுதியும் மூடியிருக்க, அன்றிரவு பட்டினி. அப்புறம் இருவரும் சேர்ந்தே நாடகத்துக்குப் போகிறார்கள்.

நண்பரை வில்லனாக்கிவிடாததுதான் இந்த இடத்தின் அழகு. பிள்ளை கெட்டுப்போகக் கூடாது என்ற அன்புதான் அவரை அப்படிப் பேச வைத்தது என்பதைக் காந்தி மறைக்கவில்லை. வழக்கு அன்புக்கும் வெறுப்புக்கும் இடையே அல்ல; தாயின் அன்புக்கும் நண்பனின் அன்புக்கும் இடையே. ஆனால் நண்பரின் மனத்தாங்கலுக்குப் பரிகாரம் என்று அவர் செய்ததுதான் வேடிக்கை. நல்ல கோட்டு தைத்தார், நடனம் பயின்றார், வயலின் வாங்கினார். அதையெல்லாம் சொல்லித் தம்மைத்தாமே பரிகசித்துக்கொள்கிறார். அந்தப் பரிகாசத்தில் நண்பரின் மனம் எங்கேயோ நழுவிவிடுகிறது. நாடகக் கொட்டகையில் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் என்ன நினைத்தார்? அதை எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு கதாசிரியனுக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, கொரியாவின் ஹான் காங் 2007இல் வெளியிட்ட நாவல். தமிழில் 'மரக்கறி' என்று வந்திருக்கிறது. 2016இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. ஆசிரியைக்கு 2024இல் நோபல் பரிசும் கிடைத்தது. யோங்-ஹே என்ற பெண் ஒரு கனவு கண்டு இறைச்சியை விடுகிறாள். அக்காளின் புது வீட்டில் குடும்ப விருந்து. தகப்பன் அறைகிறான், இறைச்சித் துண்டை வாயில் திணிக்கிறான். அவள் கத்தியை எடுத்துத் தன் மணிக்கட்டையே அறுத்துக்கொள்கிறாள்.

படித்தபோது நடுங்கிப்போனேன். ஆனாலும் ஒரு மனக்குறை. அந்தத் தகப்பனுக்குக் கை இருக்கிறது, மனசு இல்லை. இப்படிப்பட்ட தகப்பனை எதிர்த்து நிற்பது, எவ்வளவு பயங்கரமானாலும், யார் பக்கம் நியாயம் என்பதில் சந்தேகம் இல்லாத காரியம். அன்போடு நீட்டப்படும் கரண்டியை மறுப்பது வேறு விஷயம். இந்தக் குறையை எழுதி வைத்துவிட்டுத்தான் மூன்றாம் பாகத்தைப் படித்தேன். அதில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் தங்கை எந்த உணவையுமே தொட மறுக்கிறாள். அக்காள் இன்-ஹே அவளைப் பார்க்கச் சாப்பாட்டுப் பொருள்களோடு மலைப்பாதை ஏறி வருகிறாள், கெஞ்சுகிறாள். கையில் உணவோடு நிற்கும் ஒருத்தியின் மனசுக்குள் ஆசிரியை அங்கே புகுந்துவிடுகிறார். என் மனக்குறையை அடித்துவிட்டேன். நாவலின் பெருமை கத்தி எடுத்த காட்சியில் இல்லை, இந்த அக்காளிடம்தான் இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

விரதம் காப்பவனைப் பற்றி எழுதுகிறவன் பரிமாறுகிறவளின் பக்கமாகப் போய் நின்று பார்த்தால்தான் பந்தி முழுவதும் தெரியும். எங்கள் கொங்கு நாட்டில் பண்டிகைக்குப் பெயரே நோம்பி. நோன்பு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது. பட்டினிக்கும் பந்திக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஜனங்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருக்க முடியாது. எழுதுகிற நமக்குத்தான் புதிது.

தீபாவளிக் கதையின் மீதியைச் சொல்லவில்லையே. உள்ளே போன அக்காள் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். வெல்லமும் ஏலக்காயும் போட்ட தேங்காய்ப்பால். "இதாச்சும் ஊத்தலாமில்லே?" என்றாள். ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன். கை கழுவப் போனபோதுதான் கவனித்தேன்: கொல்லையில் துருவின தேங்காய் மூடிகள் காய்ந்து கிடந்தன. நான் எழுந்திருப்பதற்கு முன்பே அவள் பாலைப் பிழிந்து வைத்திருக்கிறாள்.

நான் எழுத உட்கார்ந்த கதையில் அந்த மூடிகள் இல்லை.