சித்திரக்கதைப் போட்டிகளும் வாசகர் தீர்ப்பும்

சித்திரக்கதை ஓவியர்களுக்கான போட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பத்திரிகைகளும் பதிப்பகங்களும் நடத்தும் பரிசுப் போட்டிகள் முதல் வகை. குறித்த நேரத்துக்குள் குறித்த பக்கங்களை முடிக்கவேண்டும் என்ற சவால்கள் இரண்டாம் வகை. ஓவியர்களை ஒரே இடத்தில் கூட்டி, வரையவைத்து, ஒவ்வொருவராக வெளியேற்றும் ரியாலிட்டி நிகழ்ச்சி மூன்றாம் வகை. மூன்றிலும் நடுவர்களோ விதிகளோ வெற்றியாளரைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் இப்போட்டிகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஓர் ஓவியரின் பிற்காலத்தை முடிவு செய்ததில் நடுவர்களைவிட வாசகர்களுக்கே பெரிய பங்கு இருந்தது தெரியவரும்.

இதற்குக் காரணம் இக்கலையின் இயல்பிலேயே இருக்கிறது. சமையல் போட்டியைத் திரையில் பார்ப்பவர் உணவைச் சுவைக்க முடியாது. நடுவரின் நாக்கை நம்பித்தான் ஆகவேண்டும். சித்திரக்கதைப் போட்டியில் ஓவியர் வரைந்த பக்கம் அப்படியே ரசிகரின் கண்முன் வந்துவிடுகிறது. நடுவர் எதைப் பார்த்தாரோ அதையேதான் ரசிகரும் பார்க்கிறார். அதனால் ஒவ்வொரு முடிவையும் ரசிகர்கள் தாங்களே மறுபடி விசாரிக்கிறார்கள். அந்த விசாரணையில் அவர்களுக்கும் நடுவருக்கும் இருப்பது ஒரே சான்றுதான்.

அஞ்சலட்டையில் வந்த தீர்ப்பு

வாசகர் தீர்ப்பை முறைப்படுத்தித் தொழிலின் அடித்தளமாகவே ஆக்கியது ஜப்பானின் 'ஷோனென் ஜம்ப்' இதழ். ஷூயெய்ஷா நிறுவனம் 1968இல் தொடங்கிய இந்த இதழில் ஒரு கருத்துக்கணிப்பு அஞ்சலட்டை இணைக்கப்பட்டிருக்கும். அந்த இதழில் தமக்குப் பிடித்த மூன்று தொடர்களை வாசகர்கள் அதில் குறித்து அனுப்புவார்கள். எந்தத் தொடர் தொடரும், எது நிறுத்தப்படும் என்பதில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய தொடர் ஒன்று பத்துப் பதினைந்து வாரங்களில் நிறுத்தப்படுவது அங்கே வழக்கம். 1990களின் நடுவில் இதழின் விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தொட்டபோதும் இம்முறை கைவிடப்படவில்லை.

இந்த இடைவிடாத போட்டி கதைகளின் உள்ளமைப்பையும் மாற்றியது. அகிரா டொரியாமாவின் 'டிராகன் பால்' 1984இல் தொடங்கிய சில மாதங்களில் வாசகர் ஆதரவில் சரிவைக் கண்டது. பதிப்பாசிரியர் கசுஹிகோ டொரிஷிமாவோடு கலந்து பேசிய டொரியாமா, நாயகனைத் தற்காப்புக் கலைப் போட்டி ஒன்றில் இறக்கினார். தொடர் மீண்டெழுந்தது. அதன்பின் போட்டிப் பருவம் என்பது சிறுவர் மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) நிலையான உத்திகளில் ஒன்றாயிற்று.

அஞ்சலட்டைக்கு வருமுன் புதியவர்கள் கடக்கும் வாயில் பரிசுப் போட்டி. ஷூயெய்ஷா 1971இல் டெசுகா விருதையும், நகைச்சுவைக் கதைகளுக்காக 1974இல் அகாட்சுகா விருதையும் நிறுவியது. ஹிரோஹிகோ அராகி 1980இல் டெசுகா விருதின் இரண்டாம் நிலைத் தேர்வைப் பெற்றார். எய்ச்சிரோ ஓடா 1992இல், தம் 17ஆம் வயதில், அதே இரண்டாம் நிலைத் தேர்வைப் பெற்றார். ஓடா 1997இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' உலகெங்கும் 50 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. நடுவர்கள் திறமையை அடையாளம் கண்டார்கள். அதன் உயரத்தைக் கண்டறிந்து காட்டியவர்கள் வாசகர்கள். இந்தப் போட்டி வாழ்க்கையையே கதைப்பொருளாக்கி, ட்சுகுமி ஓபாவும் டகேஷி ஒபாடாவும் 2008 முதல் 2012 வரை 'பகுமான்' தொடரை அதே இதழில் வெளியிட்டனர். வாராந்தர வரிசைப் பட்டியலின் பதற்றத்தைப் பொது வாசகர் அறிந்துகொண்டதில் அத்தொடருக்குப் பங்குண்டு.

அமெரிக்காவில் வாக்குமுறை

அமெரிக்காவில் டோக்கியோபாப் பதிப்பகம் 2002இல் 'ரைசிங் ஸ்டார்ஸ் ஆஃப் மங்கா' போட்டியைத் தொடங்கியது. தேர்வான குறுங்கதைகள் தொகுப்பு நூலாக வெளிவந்தன. இதில் வென்றவர்களுள் ஒருவரான ஃபிலிபே ஸ்மித் பின்னர் ஜப்பானுக்கே சென்று கோடான்ஷா பதிப்பகத்தின் இதழ் ஒன்றில் 'பீப்போ சூ' தொடரை வரைந்தார். மார்வெலின் புதிய 'கோஸ்ட் ரைடர்' பாத்திரமான ராபி ரெயெஸின் உருவாக்கத்திலும் பங்கேற்றார்.

டிசி காமிக்ஸ் நிறுவனம் 2007இல் தொடங்கிய 'ஸூடா' இணையத் தளம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. மாதந்தோறும் பத்துக் கதைகள், ஒவ்வொன்றும் எட்டுத் திரைப்பக்கம், போட்டியிடும். வாசகர் வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கும். வென்றவருக்குத் தொடரை வளர்த்தெடுக்க ஒப்பந்தம் கிடைக்கும். டேவிட் கல்லாஹர் எழுதி ஸ்டீவ் எல்லிஸ் வரைந்த 'ஹை மூன்' முதல் போட்டியில் வென்றது. 2009இல் இணையப் படைப்புக்கான ஹார்வி விருதையும் பெற்றது. போட்டி இல்லாமல் நேரடியாகத் தேர்வான ஜெரமி லவ்வின் 'பையூ', அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனவெறிக் காலத்தைச் சொல்லி விமர்சகர்களின் பெருமதிப்பைப் பெற்றது. 2010இல் ஸூடா மூடப்பட்டது.

இவ்விரு முயற்சிகளும் இரண்டு நெடுங்கால விவாதங்களை விட்டுச்சென்றன. முதலாவது, வாக்கு எதை அளக்கிறது என்பது. நண்பர் வட்டம் பெரிதாக உள்ள ஓவியர் வாக்கில் முந்திவிடலாம். எட்டுப் பக்கத்தில் கண்ணைக் கவரும் தொடக்கம், நிதானமாக விரியும் கதையைத் தள்ளிவிடலாம். இரண்டாவது, ஒப்பந்தம் பற்றியது. பரிசாகக் கிடைக்கும் ஒப்பந்தம் பாத்திரங்களின் உரிமையில் எவ்வளவைப் பதிப்பகத்திடம் ஒப்படைக்கிறது என்று ஓவியர்களும் ரசிகர்களும் வரிவரியாக ஆராய்ந்தனர். டோக்கியோபாப் 2008இல் புதியவர்களுக்கென முன்வைத்த ஒப்பந்தம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அதற்குப் பிறகு போட்டி அறிவிப்பு எதுவானாலும், பரிசுத்தொகைக்கு முன்பாக உரிமைப் பிரிவைத் தேடிப் படிப்பது இத்துறையின் பழக்கமாயிற்று.

கடிகாரத்தோடு நடக்கும் போட்டி

எதிரே மனிதர் இல்லாமல் நேரத்தையே எதிரியாக வைக்கும் சவால்களுக்கு முன்னோடி சித்திரக்கதை ஓவியர் ஸ்காட் மெக்ளவுட். 24 மணி நேரத்தில் 24 பக்கக் கதையை முன்தயாரிப்பின்றி எழுதி, வரைந்து, முடிக்கவேண்டும் என்ற விதியை 1990இல் அவர் வகுத்தார். மெதுவாக வரைபவரான நண்பர் ஸ்டீவ் பிசெட்டைத் தூண்டுவது அதன் முதல் நோக்கம். முடிக்க இயலாதவர்களுக்கும் மரியாதையான இடம் தரப்பட்டது. நேரம் முடிந்ததும் கதையை அங்கேயே முடித்துவிடுவது நீல் கெய்மன் வழி. நேரம் கடந்தாலும் 24 பக்கத்தை எட்டும்வரை வரைவது கெவின் ஈஸ்ட்மன் வழி. 2004 முதல் நாட் கெர்ட்லர் முயற்சியால் இதற்கென ஆண்டுதோறும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டுப் பல நாடுகளில் ஓவியர்கள் கூடி வரைகின்றனர்.

2005இல் தொடங்கிய 'டெய்லி கிரைண்ட்' சவால் நீடிப்பைச் சோதித்தது. ஒவ்வொருவரும் 20 டாலர் செலுத்திச் சேரவேண்டும். வார நாள்களில் ஒரு நாளும் தவறாமல் புதிய சித்திரக்கதை வெளியிடவேண்டும். தவறியவர் விலக, கடைசியில் நிற்பவருக்கு மொத்தத் தொகையும் சேரும். 24 மணி நேரச் சவால் கற்பனையின் வேகத்தை வெளிக்கொணர்ந்தது. இது தொழில் ஒழுக்கத்தை வெளிக்கொணர்ந்தது. தொடர் சித்திரக்கதைக்கு இரண்டும் வேண்டும். பின்னர் வந்த ரியாலிட்டி நிகழ்ச்சி இரண்டையும் ஒரே களத்தில் சோதிக்க முயன்றது.

ஸ்ட்ரிப் சர்ச்

இணையக் காமிக்ஸ் ஓவியர்களுக்கான ரியாலிட்டி போட்டிகளில் முழு வடிவம் பெற்றது 'ஸ்ட்ரிப் சர்ச்'. சியாட்டில் நகரைச் சேர்ந்த 'பென்னி ஆர்கேட்' இதைத் தயாரித்தது. 1998 முதல் வெளிவரும் அந்த இணையக் காமிக்ஸின் ஓவியர் மைக் க்ராஹுலிக், எழுத்தாளர் ஜெர்ரி ஹோல்கின்ஸ். 2012இல் விளம்பரங்களைக் குறைப்பதற்காக இவர்கள் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்களிடம் நிதி கேட்டபோது 5 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. நிதி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் செய்வதாக அளித்த வாக்குறுதிகளில் இந்நிகழ்ச்சியும் ஒன்று. தொலைக்காட்சி நிறுவனமோ பெரிய விளம்பரதாரரோ தொடங்கிவைக்காமல், வாசகர் பணத்தில் பிறந்த நிகழ்ச்சி இது.

2013 மார்ச் முதல் ஜூன் வரை இது இணையத்தில் வெளியானது. கனடாவின் 'லோடிங்ரெடிரன்' நகைச்சுவைக் குழுவைச் சேர்ந்த கிரஹாம் ஸ்டார்க் தொகுத்து வழங்கினார். 12 ஓவியர்கள் ஒரே வீட்டில் தங்கினர். பரிசு 15,000 டாலரும், பென்னி ஆர்கேட் அலுவலகத்திலேயே ஓராண்டு அமர்ந்து தம் சொந்தக் காமிக்ஸை வளர்த்தெடுக்கும் வாய்ப்பும். தொழிலை நடத்தத் தெரிந்தவர்களின் துணையோடு ஓராண்டு என்பது, தனியே வரையும் ஓவியருக்குப் பணத்தைவிடப் பெரிய உதவி.

வரைவதைத் தாண்டி இணைய ஓவியர் அறிந்திருக்கவேண்டிய வேலைகளையும் சுற்றுகள் சோதித்தன. டி-ஷர்ட் வடிவமைப்பு அவற்றில் ஒன்று. தன் படைப்பைத் தானே விற்று வாழும் ஓவியருக்கு அது வருமானத்தின் முக்கிய வழி என்பதால் அச்சோதனைக்குப் பொருள் இருந்தது. வெளியேற்றச் சுற்றில் இருவர் நேருக்கு நேர் மோதினர். அங்கேயே தரப்படும் தலைப்புகளை வைத்து 90 நிமிடங்களில் ஒரு முழு சித்திரக்கதையை முடிக்கவேண்டும். க்ராஹுலிக்கும் ஹோல்கின்ஸும் அதே அறையில் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு அவர்களே தீர்ப்பும் சொல்வார்கள்.

இறுதிச் சுற்றை எட்டியவர்கள் கேட்டி ரைஸ், ஆபி ஹோவர்ட், மாகி நாரோ ஆகிய மூவர். அனிமேஷன் துறையில் நெடிய அனுபவம் கொண்ட கேட்டி ரைஸ் வென்றார். பெற்றோரால் கைவிடப்பட்ட சிறுவர்கள் ஒரு முகாமில் தாமாகவே வாழும் கதையான 'கேம்ப் வீடன்வான்ட்சா'வை அவர் பரிசாண்டில் தொடங்கினார்.

ரசிகர்கள் விவாதித்தவை

இந்நிகழ்ச்சியைச் சுற்றி எழுந்த ரசிகர் விவாதத்தை நான்கு கேள்விகளாகத் தொகுக்கலாம்.

முதல் கேள்வி கோடா, நகைச்சுவையா என்பது. மூன்று நான்கு கட்டங்களில் முடியும் கதையில் ஓவியம் அழகாக இருந்தும் கடைசிக் கட்டத்தில் சிரிப்பு விழாமல் போகலாம். எளிய கோடுகள் கொண்ட பக்கம் சரியான இடத்தில் சிரிக்கவைத்து வென்றுவிடலாம். ஒரே தலைப்பில் இருவர் வரைந்ததை அருகருகே வைத்துப் பார்த்த ரசிகர்கள், கட்டங்களின் ஓட்டம், பேச்சுக் குமிழின் இடம், பாத்திரத்தின் கண்பார்வை செல்லும் திசை ஆகியவற்றைக் கவனிக்கப் பழகினர். சித்திரக்கதையை வாசிக்கும் கலையை இவ்விவாதம் கற்றுக்கொடுத்தது.

இரண்டாவது, 90 நிமிட நெருக்கடி நியாயமான அளவுகோலா என்பது. தாமே வாராவாரம் கெடுவுக்குக் காமிக்ஸ் வெளியிடும் நடுவர்கள் வேகத்தைத் தொழிலின் பகுதியாகவே கண்டனர். மெல்ல உருவாகும் நெடுங்கதை ஓவியருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்ற எதிர்வாதமும் வலுவானது. நகைச்சுவைத் துணுக்கு வரைபவருக்கும் நெடுங்கதை வரைபவருக்கும் ஒரே களம் அமைத்தால் இந்த ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது.

மூன்றாவது, போட்டியாளர்களின் நட்பு. வழக்கமான ரியாலிட்டி நிகழ்ச்சி சண்டையையும் சூழ்ச்சியையும் தேடிப் படத்தொகுப்பு செய்யும். இங்கே 12 பேரும் ஒருவருக்கொருவர் உதவினர். வெளியேறியவருக்காக வென்றவர் அழுதார். பலர் ஏற்கெனவே ஒருவரையொருவர் வாசித்தவர்கள்; இத்துறையில் சக ஓவியரின் வாசகர் தமக்கும் வாசகராக வரக்கூடியவர். ஒருவர் வளர்ந்தால் மற்றவர் குறையவேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை. ரசிகர்கள் இந்நிகழ்ச்சியை நேசித்ததற்கு இந்த அன்பே முதன்மையான காரணமாக இருந்தது.

நான்காவது, வெளியேறியவரின் எதிர்காலம். பாடல் போட்டியில் வெளியேறியவரை அடுத்துக் கேட்கச் சில காலம் காத்திருக்கவேண்டியிருக்கும். இங்கே வெளியேறிய ஓவியரின் காமிக்ஸை ரசிகர் அன்றே தேடிப் படிக்க முடிந்தது. இந்த வேறுபாடுதான் நிகழ்ச்சியின் உண்மையான விளைவைத் தீர்மானித்தது.

பரிசுக்கு அப்பால்

முதலிடம் பெறாத ஆபி ஹோவர்ட், 'தி லாஸ்ட் ஹாலோவீன்' என்ற திகில் கதைக்காக 2013இலேயே கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. நிகழ்ச்சியின் பரிசுத்தொகையைப் போல அது பல மடங்கு. பின்னர் 2017 முதல் சிறுவர்களுக்கான தொல்லுயிரியல் சித்திர நூல்களை வெளியிட்டார். 2023இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற 'ஸ்லே தி பிரின்சஸ்' விளையாட்டின் ஓவியரும் அவரே. மாகி நாரோ அறிவியல் சித்திரக்கதைகளில் ஊன்றி, தடுப்பூசிகள் பற்றி 2014இல் வரைந்த விளக்கக் கதையால் பரவலாக அறியப்பட்டார். இறுதிச் சுற்றை எட்டாத போட்டியாளர்களில் டாவிஸ் மெய்டன் 'டெங்கோ கிங்' கதையை வாசகர் நிதியால் நூலாக்கினார். மற்றொரு போட்டியாளரான எரிகா மோயன் அதே 2013இல் பாலியல் கல்வி சார்ந்த நெடுந்தொடர் ஒன்றைத் தொடங்கினார்.

ஸ்ட்ரிப் சர்ச்சுக்கு இரண்டாம் பருவம் வரவில்லை. ஆனால் போட்டியின் பணியை வேறு அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. கொரியாவின் நேவர் வெப்டூன் நிறுவனம் யாரும் தம் கதையை வெளியிடக்கூடிய திறந்த பிரிவை வைத்து, அதில் வாசகர் வரவேற்பைப் பெறுபவரை ஊதியம் பெறும் ஓவியராக உயர்த்துகிறது. ரேச்சல் ஸ்மைத்தின் 'லோர் ஒலிம்பஸ்' அதன் ஆங்கிலத் திறந்த பிரிவில் தொடங்கி, 2018இல் அதிகாரபூர்வத் தொடராகி, 2022இல் ஐஸ்னர் விருது பெற்றது. மேடையும் நடுவர் மேசையும் இல்லாவிட்டாலும் இதுவும் போட்டியே. அஞ்சலட்டையின் இடத்தை வாசிப்பு எண்ணிக்கை பிடித்துக்கொண்டிருக்கிறது.

வரைவதைப் பார்க்கும் ஆவலைப் போட்டியின்றியே நிறைவு செய்யும் வழியும் உண்டு. ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் நவோகி உராசாவா நடத்தும் 'மான்பென்' நிகழ்ச்சியில் ஓர் ஓவியரின் பணியறையில் பல நாள் கேமராக்கள் ஓடுகின்றன. பிறகு அப்பதிவை ஓவியரும் உராசாவாவும் சேர்ந்து பார்த்துப் பேனா நகர்வதை விளக்குகிறார்கள். வெளியேற்றம் இல்லாமலும் இக்கலை திரையில் ஈர்க்கும் என்பதற்கு அது சான்று.

போட்டியின் மதிப்பு, அது எத்தனை ஓவியர்களை வாசகரிடம் கொண்டுசேர்க்கிறது என்பதில் இருக்கிறது. அந்த அளவுகோலில், முதற்பரிசு பெறாத ஓடாவை அடையாளம் கண்ட டெசுகா விருதும், பரிசு பெறாதவர்களுக்கும் வாசகர்களைத் தேடித்தந்த ஸ்ட்ரிப் சர்ச்சும் தம் கடமையை நிறைவேற்றின. இனி இத்தகைய நிகழ்ச்சியை வடிவமைப்பவர்கள் மூன்றை உறுதி செய்தாக வேண்டும்: வரைந்த பக்கங்கள் முழுமையாக ரசிகர் பார்வைக்கு வருதல், பாத்திர உரிமை ஓவியரிடமே இருத்தல், வெளியேறியவரின் படைப்பை ரசிகர் எளிதில் சென்றடைதல். இம்மூன்றும் அமைந்தால் நடுவரின் தவறான தீர்ப்பையும் வாசகர்கள் திருத்திவிடுவார்கள்.