அன்புக்குச் சான்றிதழ்

நெருங்கிய உறவல்லாத ஒருவர் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால், அவருடைய கோப்பில் பழைய புகைப்படம் ஒன்று இருக்க வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து நிற்கும் படம். 2014-ஆம் ஆண்டு உடலுறுப்பு மாற்று விதிகள் அப்படித்தான் கேட்கின்றன. கூடவே இருவரின் தொழில், கடந்த மூன்று நிதியாண்டு வருமானம், பழக்கம் எப்படி ஏற்பட்டது என்ற விளக்கம், இடையில் தரகர் யாருமில்லை என்ற உறுதி. கொடுப்பவரின் வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பிறகு அங்கீகாரக் குழு உட்காரும், பேச்சு காணொளியில் பதிவாகும், அனுமதி கிடைக்கும் அல்லது மறுக்கப்படும். படித்துப் பார்த்தால் கொசுகூட நுழைய முடியாத வலை.

அந்த வலைக்குள்தான் பள்ளிபாளையம் நுழைந்தது. காவிரிக்கு அக்கரை ஈரோடு, இக்கரை நாமக்கல் மாவட்டம். விசைத்தறிச் சத்தம் ஓயாத இந்த ஊரில் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி 2025 ஜூலையில் வெடித்தது. அரசு விசாரணைக் குழுவை அனுப்பியது. வேறு மாவட்டங்களிலிருந்த இரண்டு தனியார் மருத்துவமனைகள் மாற்று அறுவைச் சிகிச்சை செய்யத் தடை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. தரகரும் மருத்துவமனையும்தான் அன்றைய பேச்சாக இருந்தார்கள். எனக்கு அந்தக் கோப்பைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

அந்தக் கோப்பைப் பார்க்கும் அங்கீகாரக் குழுவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1994-இல் உடலுறுப்பு மாற்றுச் சட்டம் வருவதற்கு முன் இங்கே சிறுநீரக வியாபாரம் பட்டப்பகலில் நடந்தது. சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயரே விழுந்தது. சட்டம் அந்தக் கடையை மூடியது. அதே சமயம், 'அன்பினாலோ பற்றினாலோ' கொடுப்பவருக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்தது. அந்த வாசல் நம் பக்கத்துக்கு ரொம்பவே தேவை. சட்டத்தின் கணக்கில் நெருங்கிய உறவு என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. மச்சான் அதில் இல்லை. மாமன் மகன் இல்லை, பெரியப்பா மகனும் இல்லை. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் முன்னே நிற்கிற மச்சானைச் சட்டம் அந்நியன் என்கிறது. தங்கை புருஷனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வருகிற அண்ணனுக்கு இந்தக் குழுதான் ஒரே வழி. இதை அடைத்தால், வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரு நம்பிக்கையும் போய்விடும்.

ஆக, குறை குழு இருப்பதில் இல்லை. அது எதைக் கேட்கிறது, எப்போது கேட்கிறது என்பதில் இருக்கிறது.

வருமானச் சான்றை எடுத்துக்கொள்வோம். இருவரின் வசதிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் உஷாராக வேண்டும் என்பது விதியின் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தறி ஓட்டுபவரிடம் மூன்று வருட வருமானத்துக்கு என்ன காகிதம் இருக்கும்? முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தவர் அவர். வாரக் கூலியில் அதற்குப் பிடித்தம் போக மீதி வீட்டுக்கு. அதிலும் பாதி மகளிர் குழுக் கடனின் வாரத் தவணைக்கு. இவருடைய காகிதத்தை எப்போதும் வேறு யாராவதுதான் தயார்செய்து தர வேண்டியிருக்கிறது. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதற்கே ஆள் பிடிப்பவர், இதற்கு மட்டும் தனியாகவா போவார்? உண்மையான நண்பன் அரைகுறைக் கோப்போடு வந்து முழிப்பான். தரகரின் ஆள் கச்சிதமான கோப்போடு வருவார். காகிதத்தை மட்டும் பார்க்கிற குழு, தெரியாமலே தரகர் பக்கம் சாய்கிறது.

நேர்காணலும் அப்படித்தான். “பணம் வாங்கினீங்களா?” என்ற கேள்விக்கு “இல்லைங்க” என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. பெறுபவரைப் போலவே விற்பவரும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி. 2011 திருத்தத்தின்படி உறுப்பு வியாபாரத்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். சில லட்சம் கடனுக்காக வயிற்றைக் கொடுத்தவர், பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது என்றாலும் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வார்? தரகருக்குச் சட்டம் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு, விற்றவரின் வாயை அது அடைத்துவைத்திருப்பதுதான். விற்றவரைச் சாட்சியாகப் பார்க்கிற பக்குவம் வராதவரை பள்ளிபாளையங்கள் செய்தித்தாள் வழியாக மட்டுமே நமக்குத் தெரியவரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது.  சிறுநீரகம் எடுத்த மறுநாளிலிருந்து கொடுத்தவரும் ஒரு நோயாளி. நோயில்லாத உடம்பைக் கத்தியின் கீழ் படுக்கவைத்த மருத்துவம், அவரை வருடந்தோறும் கூப்பிட்டு இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கக் கடமைப்பட்டது. முறையாகக் கவனித்தால் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நீண்ட நாள் நலமாக வாழலாம். கவனிப்பில்லாமல் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குத் திரும்பினால்? பாவு நூல் சுற்றிய பீமைத் தூக்கிப் போட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பஞ்சும் வெக்கையும். தறியை விட்டு நகர முடியாததால் தண்ணீர் குடிப்பதும் குறைவு. ராத்திரி ஷிப்டு முடிந்ததும் மருந்துக்கடையில் நின்று, “அண்ணா, ஒடம்பு வலிக்கு ஒரு செட்டுக் குடுங்க” என்பார். மடித்த காகிதப் பொட்டலத்தில் நாலைந்து மாத்திரை வரும். டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை அதில் அநேகமாக இருக்கும். இரண்டு சிறுநீரகம் உள்ளவரே தினமும் விழுங்கக் கூடாத மாத்திரை அது. கடைக்காரருக்கு இவர் விலாவிலுள்ள தழும்பு தெரியாது. இவரும் சொல்ல மாட்டார்.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். சராசரியாகக் கிடைத்தது 1,070 டாலர். விசாரித்தபோதும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடம்பு கெட்டுவிட்டது என்றார்கள். ஈரானைப் போல அரசே விலை வைத்து நடத்தலாமே என்று வாதாடுகிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். தரகரை எடுத்துவிட்டாலும், தறிக்குத் திரும்பும் உடம்பு அதேதானே?

செய்யக்கூடியது நம் கையிலேயே பாதி இருக்கிறது. 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் பார்த்துச் சிறுநீரக நோயை முன்கூட்டிப் பிடிக்கும் திட்டத்தை 2023-இல் அரசு தொடங்கியது. கொடுத்தவர்களின் பெயரை ரகசியம் காத்து இந்தத் திட்டங்களில் சேர்க்கப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். மருத்துவமனையின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, எத்தனை மாற்று அறுவை செய்தாய் என்பதோடு, கொடுத்த அத்தனை பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். தேவையின் அழுத்தம் குறைய மூளைச்சாவு அடைந்தோரின் தானம் பெருக வேண்டும். 2008-இல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவு தமிழ்நாட்டையே அந்தப் பக்கம் திருப்பியது. 2023-லிருந்து தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு. ஆனாலும் அந்தத் தானத்துக்கான பட்டியலில் காத்திருப்பு நீளம். அதுவரை உயிரோடிருப்பவர் கொடுப்பதும், குழு கூடுவதும் தொடரத்தான் செய்யும்.

குழுவுக்கு நான் ஒரே ஒரு விதி சேர்ப்பேன். முதல் படம் அறுவைக்கு முன் கேட்கப்படுகிறது. ஒரு கோயில் வாசலில் இருவரை நிற்கவைத்து ஒரே நாளில் எடுத்துவிடலாம். இரண்டாவது படத்தை ஒரு வருடம் கழித்துக் கேட்க வேண்டும், கொடுத்தவரின் அந்த மாதத்துக் கிரியாட்டினின் சீட்டோடு. மச்சானுக்குக் கொடுத்தவர் பொங்கலன்று வீட்டில் எடுத்ததையே அனுப்பிவிடுவார்.