நாற்பது மைக்ரான் பளபளப்பு

காரின் கதவில் கம்பெனி அடித்து அனுப்பும் பெயின்ட் மொத்தமே 100 முதல் 150 மைக்ரான்தான். பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு இது. நாம் பளபளப்பு என்று சொல்வதெல்லாம் அந்தக் கடைசி அடுக்கில் இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. மெஷின் பாலிஷ் என்றால் மேலே ஏதோ பூசி மினுக்குகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்துச் சமமாக்குகிறார்கள். சமமான பரப்பில் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, கார் மின்னுகிறது. போன மைக்ரான் போனதுதான். சென்னையை ஒட்டிய சிட்லபாக்கத்திலும், இலங்கையில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வேலையை நின்று பார்த்திருக்கிறேன். இந்தக் கையிருப்பை யார் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு நாடும் பிரிகின்றன.

முதலில் எங்கள் ஊர். சிட்லபாக்கத்து அபார்ட்மென்ட்களில் விடிகாலையில் ஒருவர் பக்கெட்டும் துணியுமாக வந்து ஏழெட்டுக் கார்களைத் துடைத்துவிட்டுப் போவார். மாதச் சம்பளம். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை காருக்கும் ஒரு பக்கெட் தண்ணீர் என்று ஏற்பாடு செய்தவர்கள் நாம். முதல் காரின் புழுதி பக்கெட்டில் இறங்கி, மூன்றாவது காரின் பானெட்டில் ஏறுகிறது. சில மாதம் கழித்து அந்தக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியன் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாகத் தெரியும். கறுப்புக் காரில் பளிச்சென்று, வெள்ளைக் காரில் மங்கலாக. தொழிலில் இருப்பவர்கள் இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். பாலிஷ் கடைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி நாமே தினமும் துடைத்துத் துடைத்து உண்டாக்கியது.

அதற்கு மேல் போர் தண்ணீர். கழுவிய காரை அப்படியே வெயிலில் விட்டால் தண்ணீர் ஆவியாகி, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து வெள்ளை வட்டமாகத் தங்கிவிடும். புதுக் கறையென்றால் வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தாலே கரையும். சூடான பானெட்டில் நாள்கணக்கில் உட்கார்ந்த கறை கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கும். பிறகு மெஷின்தான் கதி. வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியிருந்ததை ஊரே பார்த்தது. மேடேற்ற முடியாத கார்கள்மேல் வண்டல் படிந்து காய்ந்தது. அந்த வண்டலில் இருப்பது நுண்மணல். அதை உலர் துணியால் துடைப்பது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். பதற்றத்தில் எத்தனையோ பேர் அதைத்தான் செய்தார்கள்.

இங்கே வேலை நடக்கும் விதத்தில் எனக்கு மரியாதை உண்டு. நல்ல கடையில் முதலில் கழுவி, களிமண் போன்ற கிளே பாரால் வழித்து, விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்குப் பரப்பைச் சுத்தமாக்குவார்கள். பிறகு ரப்பர் பீடிங், எம்பளம், பானெட்டின் கூரிய விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்க்கிங் டேப். "ஓரத்துல மெஷின் பட்டா போயிடும் சார், அங்கதான் பெயின்ட் மெலிசு" என்றான் டேப் ஒட்டிக்கொண்டிருந்த பையன். பேடில் நாலைந்து பொட்டு காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை வைத்து, மெஷினை ஓட்டாமலே பானெட்டில் ஒற்றி, மெதுவான வேகத்தில் பரப்பி, அதன் பிறகே வேகம் கூட்டினான். இரண்டடிக்கு இரண்டடியாகப் பிரித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினான். நடுநடுவே புறங்கையைப் பெயின்டில் வைத்துச் சூடு பார்த்தான். பழைய ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றுவதால் ஒரே இடத்தில் நின்றால் சூடேற்றிப் பெயின்டைச் சுட்டுவிடும்; கவனம் தப்பினால் ஹோலோகிராம் என்று சொல்லும் அலைக்கோடுகளை விட்டுச் செல்லும். இப்போது வந்திருக்கும் டூயல் ஆக்ஷன் மெஷின் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் அந்த ஆபத்து குறைவு. தாம்பரம் சுற்றுவட்டாரக் கடைகளில் இத்தாலி ரூபெஸ் மெஷினையும் ஜெர்மனி மென்சர்னா காம்பவுண்டையும் சாதாரணமாகப் பார்க்கலாம். கருவியில் நமக்குக் குறையில்லை.

நம்மிடம் குறை, அவசரம். ஆயுத பூஜைக்கு ஒரு ரப்பிங், வெள்ளம் வடிந்ததும் ஒன்று, செராமிக் கோட்டிங் போடுவதற்கு முன் ஒன்று, விற்பதற்கு முன் கட்டாயம் ஒன்று. கம்பளி பேடும் முரட்டுக் காம்பவுண்டும் வைத்து ஒருமுறை கட்டிங் போட்டாலே மூன்று நான்கு மைக்ரான் போகலாம். கிளியர் கோட்டின் மேற்பகுதியில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் அதிகம். மொத்தத்தில் பத்து மைக்ரானைத் தாண்டி எடுத்தால், நம் ஊர் வெயிலில் சில வருஷத்தில் கூரையும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்கும். அப்போது கார் வேறொருவரிடம் இருக்கும் என்பதால் விற்றவருக்கு அது தெரியவே தெரியாது.

இலங்கையில் காரை அப்படிக் கைகழுவ முடியாது. அங்கே கார் வாங்குவது வீடு வாங்குவதற்கு அடுத்த காரியம். இறக்குமதி வரி எப்போதும் கனமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள்; தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருஷம் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்ற விட்ஸ்களும் வேகன் ஆர்களும் உண்டு. ஓடும் கார்களில் பல ஜப்பானில் ஓடிவிட்டு ஏல மையம் வழியாகக் கப்பலேறியவை. ஏலத்தாளில் கீறலுக்கு ஏ, நசுங்கலுக்கு யு என்று எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். கொழும்பில் கார் வாங்குபவர் அந்தத் தாளை ஜாதகம் பார்ப்பது போல் பார்க்கிறார். ஒரிஜினல் பெயின்டா, திரும்ப அடித்ததா என்பது விலையைத் தீர்மானிக்கிறது. அதனால் பெயின்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டர் அங்கே வாங்குபவரின் கைக்கும் வந்துவிட்டது.

மெஷின் பாலிஷுக்கு அங்கே வழக்கில் உள்ள பெயர் கட் அண்ட் பொலிஷ். விற்கும் முன் அதைச் செய்கிறவர்கள் அங்கேயும் தாராளமாக இருக்கிறார்கள். அதில் இரு நாட்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் தினசரித் துடைப்பு என்ற வழக்கம் நம் அளவுக்கு இல்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் ஏற்றி அடிப்பாகம் முதல் கழுவுவது, வீட்டுப் போர்ட்டிகோவுக்குள் நிறுத்துவது, இவைதான் பழக்கம். ஜப்பான் கார்களின் கிளியர் கோட், குறிப்பாக டொயோட்டாவின் கறுப்பு, மென்மையானது என்று இத்தொழிலில் பெயர் பெற்றது. லேசான துணிக்கே கீறல் விழும். அதனால் மென்மையான ஃபோம் பேடில் ஒரே சுற்று போட்டு நிறுத்திக்கொள்ளும் கைகளைக் கொழும்பில் பார்த்தேன். மிச்சமிருந்த ஒன்றிரண்டு கீறல்களை உரிமையாளரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நாட்டு எல்லை குழம்பிப்போகிறது. மழை மிகுந்த கொழும்பில் சுண்ணாம்புக் கறை பெரிய பிரச்சினை இல்லை. கடற்காற்றின் உப்புதான் பிரச்சினை. யாழ்ப்பாணக் குடாநாடோ முழுக்கச் சுண்ணாம்புக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கழுவிய காரில் எங்கள் ஊர்க் கறையே அச்சாக இருந்தது. சிட்லபாக்கத்துக்காரன் அந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்காரருக்குத்தான் உறவு.

யாழ்ப்பாணத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அங்கே ஆஸ்டினும் மொரிஸ் மைனரும் வயது கணக்கில்லாமல் ஓடுகின்றன. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிக் காப்பாற்றிய வண்டிகளும் அவற்றில் உண்டு. பழைய முறையில் அடித்த அந்தப் பெயின்டில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் அடுக்கு. வெயிலில் அது சுண்ணாம்பு பூத்தது போல் வெளுக்கும். தேய்த்தால் துணி முழுக்கக் காரின் நிறம் ஏறும். அது இயல்பு. நம் காலத்துக் காரில் பேடில் நிறம் வந்தால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்தப் பேனலை மறுபடி அடிக்கத்தான் வேண்டும். "அண்ணை, இதுக்கு மெசின் வைக்கேலாது. கையாலதான் தேய்க்கவேணும்" என்றார் கராஜ்காரர். கதவு விளிம்பில் பழைய நிறம் தெரியத் தொடங்கியிருந்த இடத்தைக் காட்டி, அங்கே துணியைக்கூடக் கொண்டுபோகவில்லை. அவ்வளவு நிதானத்தை நான் எந்த மெஷின் கடையிலும் பார்த்ததில்லை.

ஏமாற்றும் பளபளப்பு இரு பக்கமும் இருக்கிறது. சில மலிவுக் காம்பவுண்டில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறலை நிரப்பி மறைக்கும். நாலு முறை கழுவினால் கீறல் திரும்பிவிடும். கடையிலேயே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைக்கச் சொல்லி, எல்.இ.டி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல தொழிலாளி தானே செய்து காட்டுவார்.

இங்கே ஊர் திரும்பியதும் என் காரை மீட்டர் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பானெட் 110 சொச்சம், கூரையும் அதே அளவு, இடது பின் கதவு மட்டும் 240. திரும்ப அடித்த கதவு. அங்கே கனம் அதிகம்தானே, நன்றாகத் தேய்க்கலாமா என்று கேட்டேன். மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும், அதில் கிளியர் எவ்வளவு என்று காட்டாது என்று விளக்கி, கடைக்காரர் அந்தக் கதவில்தான் ரொம்பப் பதமாக வேலை செய்தார். பானெட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் தட்டுப்பட்ட கீறலை, "இது பாலிஷ்ல போகாது சார், போக வச்சா பெயின்டும் போயிடும்" என்று விட்டுவிட்டார். அதில் டச்சப் வைத்துக்கொண்டேன். அபார்ட்மென்டில் துடைப்பவரிடம் பேசி, தினமும் துடைப்பதை வாரம் ஒருமுறை கழுவுவதாக மாற்றினோம். சம்பளம் அதேதான், பக்கெட் இரண்டு, ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச. மைக்ரோஃபைபர் துணி வீட்டுக்காரர் செலவு.